கையகலத் தகடு

காரா-பால்தாவில் வெல்டிங் முகமூடி போட்ட பெண் என்றால் அது அனார்குல்தான். ஊரில் வேறு யாரும் கிடையாது. சோவியத் ஆட்சியின் கடைசி வருடத்தில் ஆலைப் பள்ளியில் அந்தத் தொழிலைக் கற்றாள். சான்றிதழ் கைக்கு வந்து ஆறு மாதத்தில் அதில் குத்தியிருந்த முத்திரைக்குரிய நாடே இல்லாமல் போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. அவள் பதினைந்து வருடம் சந்தையில் சீனத்துக் காலுறை விற்றாள். கணவன் துராத் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டினான். வெல்டிங் என்ற ஒன்று தனக்குத் தெரியும் என்பதையே அவள் மறந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மெதெர்பெக்குக்கு ஆள் தேவைப்பட்டது.

மெதெர்பெக் அவளைவிட ஆறு வயது மூத்தவன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் நிலக்கரி அடுப்பு செய்துகொண்டிருந்தான். அங்கே குளிர்காலம் ஐந்து மாதம். வீடு சூடாக இருப்பதும் இல்லாததும் அடுப்பின் கையில். முகாஷ் என்று ஒருவன் மட்டும் கூட இருந்தான். வாய் ஓயாமல் கேலி பேசுவான், வேலையும் ஓயாமல் செய்வான்.

அவள் வந்து நின்றதும் முகாஷ்தான் முதலில் வாயைத் திறந்தான். "பைகே, டீ போட ஆள் வந்தாச்சு."

பைகே என்றால் அண்ணன். அந்த ஊரில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மெதெர்பெக் இரண்டு தகடுகளை எடுத்து அவள் முன்னால் போட்டான். "ஒரு மூட்டு போட்டுக் காட்டும்மா."

அவள் போட்டாள். அவன் சம்மட்டியால் மூன்று தரம் ஓங்கி அடித்தான். தகடு வளைந்தது, மூட்டு விடவில்லை.

"நாளைக்கே வந்துடு" என்றான். "மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுல. முகாஷு, இனிமே டீ நீ போடு."

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அடுப்பு சொதப்பிவிட்டால் மெதெர்பெக் அதை முற்றத்து நடுவில் இழுத்துப் போடுவான். மூன்று பேரும் தேநீர்க் கிண்ணத்தோடு சுற்றி உட்காருவார்கள். "யார் கெடுத்தான்னு யாரும் சொல்லாதீங்க. ஏன் கெட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்பான். அவன் கெடுத்தது என்றால் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். கையெல்லாம் கரி, அந்தக் கையோடே ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுப்பான். சந்தையில் பதினைந்து வருடம் யாரும் அவளிடம் 'நீ என்ன நினைக்கிறே' என்று கேட்டதில்லை. இங்கே தினம் கேட்டார்கள். முதல் மாதம் அவளுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவள் வாயை மூடுவதுதான் கஷ்டமாகப் போயிற்று. வீட்டில் துராத், "அடுப்பைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினே, நான் வேன்லயே படுத்துக்குவேன்" என்பான்.

மூன்றாவது குளிர்காலத்தில் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் தம் அடுப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சண்டை போட்டார். பின்பக்கச் சுவரில் வெல்டிங் விட்டுப்போய் ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்திருந்தது. முகாஷ் போட்ட மூட்டு. அவன் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வந்தவர் கத்திக்கொண்டிருந்தபோது லாரி மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெல்லச் சொன்னாள்:

"கரி முன்னைவிடக் கம்மியாத்தான் ஆகுது. புகைபோக்கியிலயும் கரும்புகை வரல. அடுப்புல ஓட்டை விழுந்துடுச்சேன்னுதான் இவருக்குக் கோவம்."

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டு, ஓட்டையை அடைத்து அனுப்பியிருப்பார்கள். அனார்குல், "பைகே, இதை அடைக்காதீங்க. இவங்களுக்குப் புதுசு ஒண்ணு கொடுத்துட்டு இதை நாம எரிச்சுப் பாப்போம்" என்றாள். மெதெர்பெக் புது அடுப்பை லாரியில் ஏற்றினான்.

நான்கு நாள் விடாமல் எரித்தார்கள். அவளுக்குத்தான் பிடிபட்டது: பின்சுவரோடு சூடாகி ஏறிவரும் காற்று, பிளவு வழியாக நுழைந்து, தீக்கு மேலே சுருளும் புகையில் விழுகிறது. புகையே தீப்பிடித்து எரிகிறது. வானத்துக்குப் போக வேண்டிய சூடு வீட்டுக்குள் நிற்கிறது. தற்செயலாக விழுந்த பிளவை வேண்டுமென்றே செய்வது எப்படி? பின்சுவருக்கு ஒரு குழாய் வழி, மேலே வரிசையாகத் துளைகள். எவ்வளவு பெரிய துளை, எவ்வளவு உயரத்தில்? அந்த வசந்தத்தில் பதினோரு அடுப்பு பாழாயிற்று. ஒவ்வொரு தரமும் அவள் தலையைக் குனிந்துகொண்டு போய் நிற்பாள். பதினோராவது பாழானபோது மெதெர்பெக் சிரித்தான். "பன்னெண்டாவதுக்குத் தகடு வெட்டி வச்சிருக்கேன், போ."

பன்னிரண்டாவது எரிந்தது. புகைபோக்கி வாயில் வெறும் கானல் மாதிரி நடுங்கும் காற்று, அவ்வளவுதான். முகாஷ் கூரை மேல் ஏறி, புகைபோக்கி மேல் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் பிடித்துக் காட்டினான். "கறுக்கல! பாருங்கடா, கறுக்கல!"

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம். கரி விலை ஏறிய வருடங்கள் அவை. அடுப்பு தாலாஸ் வரை போயிற்று, நாரின் வரை போயிற்று. கொட்டகை பட்டறையாகி, பட்டறை நெடுஞ்சாலை ஓரத்தில் நீலக்கூரைத் தொழிற்சாலையாயிற்று. மூன்று பேர் நூற்று நாற்பது பேர் ஆனார்கள். பிஷ்கெக்கிலிருந்து பணம் போட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் முற்றத்தில் கிடந்த பாழான அடுப்புகளையும் அதைச் சுற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆட்களையும் பார்த்துவிட்டு, "இது ஆலையா, சந்தையா?" என்று கேட்டார். அனார்குல் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மெதெர்பெக்கின் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள்.

மனுஷன் கெட்டவன் இல்லை. பயந்துவிட்டான். மூன்று பேர் தப்பு செய்தால் மூன்று அடுப்பு போகும், நூற்று நாற்பது பேர் செய்தால் தான் கட்டியதெல்லாம் போய்விடும் என்று நினைத்தான். பயந்தவன் கடிவாளத்தை இறுக்கத்தான் செய்வான்.

முதலில் நூர்தின் வந்தான். முப்பத்தொரு வயது, வெளிநாட்டுப் படிப்பு, உற்பத்தி மேலாளர். பணிவான பையன், மூத்த பெண்களை எஜே, அதாவது அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். அவன் வந்த மாதமே முற்றத்தைச் சுத்தம் செய்து கார் நிறுத்தக் கோடு போட்டார்கள். நுழைவாசலில் ஒரு சிவப்புப் பலகை மாட்டினார்கள். வேலையில் தப்பு செய்தவர் பெயர் அதில் ஒரு வாரம் தொங்கும். புதிதாக ஏதாவது தோன்றினால் படிவத்தில் எழுதி, குழுத் தலைவர், பிரிவுத் தலைவர், மேலாளர் மூவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மெதெர்பெக் மாடிக்குப் போய்விட்டான். இனிமேல் பைகே என்று கூப்பிடக் கூடாது, மெதெர்பெக் சாகினோவிச் என்று தகப்பன் பேரையும் சேர்த்து முறையாகச் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

முகாஷ் அதை உரக்கப் படித்துவிட்டு, "செத்த அப்பனையும் வேலைக்குச் சேத்தாச்சு" என்றான். அந்த வாரப் பலகையில் அவன் பெயர் தொங்கியது.

ஒரே வருடத்தில் அது தப்பே நடக்காத தொழிற்சாலையாகிவிட்டது. மாதாந்தரத் தாளில் அப்படித்தான் இருந்தது. வளைந்த தகட்டை ஆட்கள் வண்ணப் பூச்சுக்கு அடியில் மறைத்தார்கள். விரிசல் விட்டதை ஒப்புக்கு ஒரு மூட்டு போட்டு அடுத்த பிரிவுக்குத் தள்ளினார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவும் இல்லை. அனார்குல் நான்கு படிவம் எழுதினாள். பதில் இல்லை. அந்த வருடத்துச் சிறந்த புதுமைக்கான கேடயம் நூர்தினுக்குக் கிடைத்தது. அடுப்புக் கதவுக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கலாம் என்று சொன்னவன் அவன்தான்.

அவள் எழுதிய நான்காவது படிவம் வேறு மாதிரியானது. அதற்கு முந்தைய மூன்றைப் போல் 'இப்படிச் செய்தால் நன்றாயிருக்கும்' வகை இல்லை.

கொட்டகைக் காலத்தில் மெதெர்பெக்கே வீடு வீடாகப் போய் அடுப்பைப் பொருத்துவான். கூரை முகட்டுக்கு மேல் புகைபோக்கி ஓர் ஆள் உயரமாவது நிற்காவிட்டால் விடமாட்டான். இப்போது பொருத்துவது முகாஷின் வேலை, ஒரு நாளைக்கு ஆறு அடுப்பு கணக்கு. குழாயும் அளவாகத்தான் கொடுத்தார்கள், குட்டையாக. குட்டைப் புகைபோக்கியில் மலைக்காற்று மேலிருந்து அழுத்தினால் புகை திரும்பும். திரும்பும் புகைக்கு வெளியே வர ஒரு வழி வேண்டும். அந்த வழியை அவளே செய்து வைத்திருந்தாள்: பின்சுவர்க் காற்றுக்குழாய். அவள் வீட்டு அடுப்பிலேயே ஒரு பிப்ரவரி காலையில் அப்படி நடந்தது. துராத் கதவைத் திறந்துவிட்டு இருமினான்.

அவள் ஒரு கையகலத் தகட்டை வெட்டி, கீல் வைத்து, காற்றுக்குழாயின் வாயில் தொங்கவிட்டாள். காற்று உள்ளே போகும்போது தானாகத் திறக்கும். புகை திரும்பினால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். அரை மணி வேலை. மூன்று கையெழுத்துக்கு அலைந்தாள். குழுத் தலைவர் போட்டார். பிரிவுத் தலைவர் போட்டார். நூர்தின் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எஜே, இதுல நம்ம அடுப்புல ஆபத்து இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"இருக்கே தம்பி."

"பள்ளிக்கூடங்களுக்கு முந்நூறு அடுப்பு ஆர்டர் வந்திருக்கு. சான்றிதழ் வாங்கியாச்சு. இப்ப இந்தத் தாள் வெளியே போனா என்ன ஆகும்னு தெரியுமா? இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

அலமாரியில் வைத்தான். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் தன் வரிசையில் வந்த இரண்டு அடுப்புகளில் தகட்டைத் தானே மாட்டிவிட்டாள். மறுநாள் சிவப்புப் பலகையில், 'அனுமதியின்றி வடிவமைப்பை மாற்றியவர்' என்று அவள் பெயர். போகட்டும் என்று இருந்திருக்கலாம். அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தாள்தான் மேலே போகவில்லை, பைகேயின் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தாள். இலையுதிர்காலத் தொடக்கத்தில் எல்லோரையும் கூட்டி அவன் பேசிய கூட்டத்தில் கையைத் தூக்கினாள்.

"பைகே, புகை திரும்புது. ஒரு சின்ன மூடி போட்டா—"

பணம் போட்ட பிஷ்கெக்குக்காரர் மேடையில் உட்கார்ந்திருந்தார். மெதெர்பெக் அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு சிரித்தான். பதினோராவது அடுப்புக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது.

"பாருங்க, நூத்தி நாப்பது பேரும் யோசிச்சா அடுப்பை யாரும்மா செய்யறது?"

கூட்டம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"என்னைக்கோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சே, சரி. ஆயுசு பூரா அதையே சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? உக்காரு, அனார்."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டார்கள். அன்று மாலை துராத் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு, "என்ன, இன்னைக்கு அடுப்புக் கதை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான். "இல்ல" என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்கவேயில்லை.

எத்தனை நல்ல குதிரையானாலும் ஓடும்போதெல்லாம் முகத்தில் அடித்தால் நிற்கக் கற்றுக்கொள்ளும். அனார்குல் அந்த இலையுதிர்காலத்தில் நிற்கக் கற்றுக்கொண்டாள். கொடுத்த இடத்தில் கொடுத்த மூட்டைப் போட்டாள், நேரத்துக்கு வந்தாள், நேரத்துக்குப் போனாள். அதில் ஒரு சுகம்கூட இருந்தது. அதை அவள் பின்னால் ஒத்துக்கொண்டாள்: 'நாசமாப் போகட்டும், எனக்கென்ன' என்று நினைப்பதில் ஒரு கதகதப்பு இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் முகாஷ் அவளிடம் வந்தான். அன்று கேலி ஏதும் பேசவில்லை.

"அனார், மலையடிவாரப் பள்ளிக்கூடம் ஒண்ணுல அடுப்பு மாட்டினேன். ரெண்டு நாள் காத்து அடிச்சதுல வகுப்புக்குள்ள புகை வருதாம். அடுப்பு மூட்டுற அம்மா போன் பண்ணிச்சு. உன் மூடி ஒண்ணு இருந்தாக் கொடு, ஞாயித்துக்கிழமை போய் மாட்டிட்டு வரேன். நீயும் வாயேன்."

மூடிகள் அவள் பெட்டியில்தான் இருந்தன, ஆறேழு. அவள் பற்றவைப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "படிவம் எழுதிக் கொடு."

"விளையாடாதே."

"நான் விளையாடல. மூணு கையெழுத்து வாங்கு. உன் பேரு பலகையில தொங்கட்டும், இல்ல என் பேரு தொங்கட்டும், அதெல்லாம் எனக்குப் போதும்ப்பா."

முகாஷுக்கும் வேலை போய்விடும் பயம் இருந்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள். மூடி இல்லாமலே போய்விட்டான்.

ஜனவரியில் ஒரு காலை, அதே மலையடிவாரப் பள்ளியில், பிள்ளைகள் வருவதற்கு முன் வகுப்பைச் சூடாக்கி வைக்க அடுப்பு மூட்டும் அம்மாள் ஆறு மணிக்கே வந்தாள். சைராகுல் என்று பெயர், ஐம்பத்திரண்டு வயது. வெளியே காற்று அள்ளிக்கொண்டிருந்தது. தீ பிடிக்கும் வரை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு ஆசிரியை கதவைத் திறந்தபோது அறையில் புகை கட்டியிருந்தது, உட்கார்ந்த வாக்கிலேயே செத்துப்போயிருந்தாள். பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை.

அனார்குல் சாவுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. துராத் வேனில் கொண்டுவிட்டான். முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கத்து வழக்கப்படி வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டிக் கம்பில் சாய்ந்து ஓலமிட்டார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார்கள். அவளும் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஓய்ந்த பிறகு இறந்தவளின் மகள் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்க யாரு எஜே? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"அந்த அடுப்பைச் செஞ்சவ."

மகள் கிண்ணத்தைப் பிடுங்கவில்லை, கத்தவில்லை. "அம்மா அந்த அடுப்பைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றாள். "முன்னெல்லாம் எட்டு வாளி கரி தூக்குவேன், இப்ப அஞ்சுதான்னு."

அனார்குல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மெதெர்பெக் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் வீங்கியிருந்தது. எந்திரங்களை நிறுத்தச் சொன்னான்.

"புகை திரும்புதுன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து அனார்குலிடம் நின்றான்.

"சொன்னேன் பைகே. நீங்க சிரிச்சீங்க. இவங்களும் சிரிச்சாங்க."

அவன் திரும்பி நூர்தினைப் பார்த்தான். அவள் தொடர்ந்தாள்.

"அக்டோபர்ல முகாஷ் வந்து கூப்பிட்டான். அப்ப நான் போகல. வீம்பு. அது என் பாவம், அதை உங்க தலையில போட மாட்டேன். ஆனா அந்த வீம்பு எனக்கு முன்னாடி இருந்துச்சா? கொட்டகையில இருந்தப்ப இருந்துச்சா? நீங்களே சொல்லுங்க."

மெதெர்பெக்கின் கண் கலங்கியது. அந்த நிமிடத்தில் அவன் பழைய ஆளாகிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. நூர்தின் பின்னாலிருந்து, "மெதெர்பெக் சாகினோவிச், வக்கீல் காத்திருக்கார்" என்றான். அவன் திரும்பிப் போனான்.

விசாரணை நடந்தது. புகைபோக்கி குட்டை, ஆகவே பொருத்தியவர் தவறு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஆறு அடுப்பு என்பதும் குழாயை அளந்து கொடுத்ததும் அதில் இல்லை. அனார்குல் விசாரணை அதிகாரியிடம் போய்த் தன் படிவத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் நல்லவர், அலமாரியைத் திறக்கச் சொன்னார். அலமாரி துடைத்து வைத்தது போல் இருந்தது. கையெழுத்துப் போட்ட இருவரிடமும் கேட்டார். அப்படி ஒரு தாளைப் பார்த்ததாக நினைவில்லை என்றார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல். முகாஷுக்கு வேலையும் போய், நிறுத்திவைத்த மூன்று வருடச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. பிள்ளைகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு மாஸ்கோவுக்குப் போய்ப் பனி அள்ளும் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. அனார்குல் இரண்டு தரம் போன் செய்தாள். எடுக்கவில்லை.

வசந்தத்தில் மெதெர்பெக் அவளை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினான். புதிதாக 'புதுமைப் பிரிவு' தொடங்கப் போவதாகவும், அவளே தலைவி என்றும், தனி அறை உண்டென்றும் சொன்னான். மேசையில் புது விளம்பரப் புத்தகம் கிடந்தது. எல்லா அடுப்பிலும் மூடி வந்துவிட்டது. படத்துக்குக் கீழே 'எங்கள் பொறியாளர்களின் சாதனை' என்று போட்டிருந்தார்கள்.

"எத்தனை பேரு வேணும்னு சொல்லு, அனார். எல்லாம் பழையபடி பண்ணிடலாம்."

"அந்தச் சிவப்புப் பலகை?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். "அது இல்லாம இத்தனை பேரை எப்படி மேய்க்கிறது?"

அவள் எழுந்தாள். "மேய்க்கிறதுன்னு சொல்லிட்டீங்களே பைகே. ஆடு என்னைக்கு யோசனை சொல்லியிருக்கு?"

முகமூடியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

கம்பெனி இன்னும் இருக்கிறது. ஆட்கள் பாதியாகிவிட்டார்கள். சீன அடுப்பு மலிவாக வருகிறது, எரிவாயு இணைப்பும் தெருத்தெருவாக வருகிறது. அந்த மூடிக்கு அப்புறம் அங்கே புதிதாக ஒன்றும் வரவில்லை. கதவு நிறம் மட்டும் இரண்டு தரம் மாறியது.

அனார்குல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கொள்கலத்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறாள். வாசல் கதவு, சன்னல் கம்பி, அதிகமும் கல்லறை வேலிகள். அங்கே இறந்தவரைச் சுற்றி இரும்பு வேலி போடுவது வழக்கம். அடுப்பு கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். சைராகுலின் முதலாண்டு நினைவு நாளுக்கு முன் அவள் வீட்டார் வேலிக்காக வருவார்கள் என்று எதிர்பார்த்து, நல்ல சதுரக் கம்பியாகப் பார்த்து வாங்கி ஓரமாக வைத்திருந்தாள். கேட்டால் சும்மாவே செய்து கொடுக்க நினைத்தாள். அவர்கள் பிஷ்கெக்கிலிருந்து ஆயத்த வேலி வாங்கிக்கொண்டு, அவள் பட்டறை வழியாகவே லாரியில் கொண்டுபோனார்கள். மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அனார்குல் எழுந்து வாசலுக்கு வந்தாள். அந்தப் பெண் பார்த்தாள், தலையசைக்கவில்லை.